உபதேசியார் திண்ணையும் உரோமாபுரியும்

முத்துக்குளித்துறைக் கரையில் நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகளுக்குத் திருச்சபையைப் பற்றிச் சொல்லிக்கொடுத்து வருகிறோம். அப்படிச் சொல்லிக்கொடுத்தவர்களில் பாப்பரசரைக் கண்ணால் கண்டவர்கள் மிகமிகக் குறைவு. இந்தியாவுக்கு முதன்முதலாக ஒரு பாப்பரசர் வந்தது 1964 டிசம்பரில்; ஆறாம் பவுல் பம்பாய்க்கு வந்தார். தமிழ் மண்ணில் ஒருவர் கால் வைத்தது 1986 பிப்ரவரியில்தான்; இரண்டாம் ஜான் பால் அப்போது சென்னைக்கு வந்தார். ஆனால் அதற்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே வேம்பாற்றிலும் புன்னைக்காயலிலும் மணப்பாட்டிலும் மணலில் சம்மணமிட்டு உட்கார்ந்த பிள்ளைகள் விசுவாச மந்திரத்தை மனப்பாடமாகச் சொன்னார்கள். கடலுக்கு அப்பால் எங்கேயோ இருக்கும் ஒரு நகரத்தோடு அந்த மந்திரம் அவர்களைக் கட்டிவைத்தது.

அந்தக் கட்டைப் போட்டவர் யார் என்பதே என் கேள்வி. ஆயரும் குருவும் அதில் உண்டு. ஆனால் நாள்தோறும் அந்த முடிச்சு அவிழாமல் பார்த்துக்கொண்டவர் உபதேசியார். மனைவி மக்களோடு ஊரில் குடியிருந்த சாதாரண மனிதர் அவர். என் தாத்தா அப்படி ஒரு உபதேசியார். நானும் பள்ளிக்கூட வேலை போக, ஞாயிறு பூசை முடிந்ததும் மறைக்கல்வி வகுப்பெடுத்தே வயதானவள். திருச்சபையில் போதிக்கும் அதிகாரம் யாருக்கு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடத்துக்கு இந்தக் கரையில் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. பாடப்புத்தகங்களில் அது இல்லை.

1535 முதல் 1537க்குள் பரவர் குலத்தவர் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றார்கள். முத்துக்குளிப்பில் தங்களுக்கு இருந்த உரிமையைக் காத்துக்கொள்ளப் போர்ச்சுக்கீசியரின் துணை வேண்டியிருந்தது. அந்தத் துணையோடு வேதமும் வந்தது. தண்ணீர் ஊற்றிப் பெயர் வைத்தார்களே தவிர, எதையும் கற்பிக்க ஆளில்லை. 1542 அக்டோபரில் பிரான்சிஸ் சவேரியார் இங்கே வந்தபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் அந்த மக்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. சவேரியாருக்கோ தமிழ் தெரியாது. தமிழும் போர்ச்சுக்கீசியமும் தெரிந்த சிலரை உட்காரவைத்து மந்திரங்களைத் தமிழில் ஆக்கி, அவரே மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாக நடந்து பிள்ளைகளைக் கூட்டினார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து அவர் எழுதிய கடிதத்தில் இதெல்லாம் இருக்கிறது. பிள்ளைகள் தன்னைச் சாப்பிடவும் தூங்கவும் செபிக்கவும் விடாமல் புதிய மந்திரம் கேட்டு மொய்த்ததையும் அதில் எழுதுகிறார்.

அந்தக் கடிதத்தில் என்னை எப்போதும் நிறுத்திவைக்கும் இடம் ஒன்று உண்டு. இங்கே படித்ததை வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று அவர் பிள்ளைகளை அனுப்பினார். நோயாளிகளின் வீட்டுக்கும் அவர்களையே அனுப்பி விசுவாச மந்திரம் சொல்லவைத்தார். இந்தக் கரையில் வேதம் போதித்த முதல் தமிழர்களில் பாதிப்பேர் பத்து வயதுப் பிள்ளைகள் என்றே நான் நினைக்கிறேன்.

அவர் செய்தது அத்தனையும் சரி என்று சொல்ல மாட்டேன். பெரியவர்கள் மறைவாக வைத்திருந்த சாமி சிலைகளைப் பிள்ளைகள் காட்டிக்கொடுத்ததையும், அவற்றை உடைத்து அவமதித்ததையும் அவர் பெருமையாகவே எழுதியிருக்கிறார். சாராயம் குடிக்கும் பெண்களை அடைத்துவைக்கச் சொன்ன கடிதமும் இருக்கிறது. பெற்றோருக்கு எதிராகப் பிள்ளையை ஒற்றனாக்குவதை இன்றைக்கு எந்த மறைக்கல்வி ஆசிரியரும் செய்யக்கூடாது. அவரைப் புனிதர் என்று வணங்குகிற நாங்கள்தான் இதை முதலில் சொல்ல வேண்டும்.

சவேரியார் ஓர் ஊரில் தங்கியதெல்லாம் சில வாரங்கள்தான். புறப்படும்போது மந்திரங்களை எழுதி ஊரில் ஒரு பிரதி வைத்துவிட்டு, எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கணக்கப்பிள்ளையாக நியமித்துவிட்டுப் போனார். பிள்ளைகளுக்குக் கற்பிப்பது, கோயிலைப் பார்த்துக்கொள்வது, சாகக்கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது எல்லாம் கணக்கப்பிள்ளையின் பொறுப்பு. அவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது தெரியுமா? போர்ச்சுக்கல் அரசியின் காலணிச் செலவுக்கு என்று முத்துக்கரையிலிருந்து ஆண்டுதோறும் ஒரு தொகை போய்க்கொண்டிருந்தது. அந்தப் பணத்தை அரசி உபதேசியார்களுக்கு விட்டுக்கொடுத்தார். இந்தக் கரைப் பிள்ளைகளைவிட நல்ல காலணி மோட்சம் ஏறுவதற்குக் கிடைக்காது என்று சவேரியார் அரசிக்கு எழுதியதாகச் சொல்வார்கள். என் தாத்தா இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் தன் மேல்துண்டைச் சரிசெய்துகொள்வார்.

அடுத்து வந்த அண்டிரிக் அடிகளாரைப் பற்றி நான் நீட்டிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1520இல் போர்ச்சுக்கல்லில் பிறந்து, யூத மரபில் வந்த குடும்பம் என்பதால் அங்கே பல கதவுகள் மூடப்பட்ட மனிதர். இங்கே வந்து அரைநூற்றாண்டு வாழ்ந்தார். தமிழை இலக்கணத்தோடு கற்ற முதல் ஐரோப்பியர் அவர்தான் என்று சொல்லலாம். அவரே தமிழுக்கு ஓர் இலக்கணமும் எழுதினார். 1578 அக்டோபர் 20ஆம் தேதி கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. மொத்தம் 16 பக்கம். தமிழ் எழுத்தில் அச்சான நூல்களில் இன்று நமக்குக் கிடைப்பவற்றுள் அதுவே மூத்தது. அச்சுக்கான பணத்தில் பரவர்கள் திரட்டிக் கொடுத்ததும் உண்டு. மறுஆண்டு 1579 நவம்பரில் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' வந்தது. அது நூறு பக்கத்துக்கு மேற்பட்ட புத்தகம். மார்க்கோஸ் ஜோர்ஜ் என்ற சேசுசபைக் குரு போர்ச்சுக்கல் பிள்ளைகளுக்காகக் கேள்வி பதில் வடிவில் எழுதிய மறைநூலின் தமிழாக்கம் அது.

தமிழ் அச்சு வரலாற்றைப் பேசுகிறவர்கள் தேதியையும் எழுத்துருவையும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மறைக்கல்வி ஆசிரியையாக எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. தமிழில் அச்சேறிய முதல் பெரிய புத்தகமே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வந்தது. அதிலும் அது உரையாடலாக வந்தது. வாத்தியாரும் மாணாக்கனும் மாறிமாறிப் பேசுவதாக அமைந்த ஒரு நூலில், கேட்பதற்கும் இடம் உண்டு என்ற எண்ணம் உள்ளேயே இருக்கிறது. அந்த எண்ணம் பிற்பாடு எங்கே போயிற்று என்பதற்கு வருகிறேன்.

ஐரோப்பாவில் அந்தச் சமயத்தில் திரெந்து சங்கம் முடிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் திருநாளும் பங்குகளில் பிள்ளைகளுக்கு விசுவாசத்தின் அரிச்சுவடியைக் கற்பிக்க வேண்டும் என்று 1563இல் அந்தச் சங்கம் ஆயர்களுக்குக் கட்டளை இட்டது. லூத்தர் 1529இலேயே பிள்ளைகளுக்கான சிறு நூலை வெளியிட்டுவிட்டார். கத்தோலிக்கர் விழித்துக்கொண்டது அதற்குப் பிறகுதான். பெல்லார்மின் 1597இல் எழுதிய சிறிய மறைநூல் உலகெங்கும் போயிற்று. ஒரே விசுவாசம், ஒரே திருவருட்சாதனங்கள், உரோமைப் பாப்பரசரின் கீழ் உள்ள மேய்ப்பர்கள் என்று திருச்சபைக்கு அவர் சொன்ன இலக்கணத்தைத்தான் பல தலைமுறைப் பிள்ளைகள் ஒப்பித்தார்கள்.

இங்கே பாடத்துக்கு வந்த சோதனை வேறுவிதமானது. 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். குருக்களை விரட்டினார்கள், கோயில்களை எடுத்துக்கொண்டார்கள். பால்தேயுஸ் என்ற அவர்களுடைய போதகர் பரவர்களைத் தம் சபைக்குத் திருப்பப் பார்த்தார். முடியவில்லை. மறைந்து வந்து போன குருக்கள் ஒருபுறம் இருக்க, வீடுவீடாக மந்திரம் சொல்லிக்கொடுத்து அந்தத் தலைமுறையைக் காப்பாற்றியவர்கள் உபதேசியார்களும் ஊர்ப் பெரியவர்களும் பெண்களும்தான். கடலுக்கு அக்கரையில் யாழ்ப்பாணத்திலும் அதே ஆண்டில் அதே கதை நடந்தது. 1687இல் யோசேப்பு வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் கோலத்தில் அங்கே போய்ச் சேர்ந்தபோது, கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகளாகக் குரு இல்லாமல் இருந்தும் செபமாலையை விடாதவர்களைக் கண்டார்.

உள்நாட்டில் மறைப்பணி செய்த வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் 'வேதியர் ஒழுக்கம்' என்று ஒரு நூலே எழுதினார். அந்தக் காலத்தில் வேதியர் என்றால் உபதேசியார். அவர்களுடைய பொறுப்பு எவ்வளவு பெரியது, அதைச் சுமக்கிறவன் எப்படி வாழ வேண்டும் என்று சொல்லும் நூல் அது. கற்பிக்கிறவனின் அதிகாரம் அவன் வாழ்க்கையோடு சேர்த்துத்தான் எடை போடப்படும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் நமக்குச் சொன்னதில்லை. நாட்டாலத்து நீலகண்டனுக்கு, இன்று புனிதராகிவிட்ட தேவசகாயத்துக்கு, வேதத்தை முதலில் எடுத்துச் சொன்னதுகூட ஒரு குரு இல்லை. திருவிதாங்கூர்ப் படையில் இருந்த டிலனாய் என்ற படைத்தலைவர்.

1773இல் சேசுசபை கலைக்கப்பட்டது. அதன் பிறகு இங்கே நடந்ததுதான் இந்த வரலாற்றின் கசப்பான பகுதி. கோவாக் குருக்கள் சிலர் கரையைப் பார்த்துக்கொண்டார்கள். போர்ச்சுக்கல் அரசருக்கு இந்தியத் திருச்சபையில் ஆயர்களை நியமிக்கும் உரிமையைப் பழைய பாப்பரசர்கள் கொடுத்திருந்தார்கள். அதற்குப் பதுரவாதோ என்று பெயர். 1838 ஏப்ரலில் பாப்பரசர் பதினாறாம் கிரகோரி ஓர் ஆணை எழுதி, கொச்சி, மயிலாப்பூர், கொடுங்கல்லூர் ஆயர்பீடங்களின் ஆளுகையை எடுத்து, உரோமையின் நேரடிப் பொறுப்பில் இருந்தவர்களிடம் கொடுத்தார். அதற்குள் மீண்டும் உயிர்பெற்றிருந்த சேசுசபையிலிருந்து பிரெஞ்சுக் குருக்கள் மதுரை மிசனுக்கு வந்தார்கள். கோவாத் தரப்பு அந்த ஆணையை ஏற்கவில்லை. அரசரின் ஒப்புதல் இல்லாமல் அது செல்லாது என்றார்கள். போலி என்றுகூடச் சொன்னவர்கள் உண்டு.

விளைவு, ஒரே ஊருக்கு இரண்டு சாமியார், இரண்டு கோயில், இரண்டு கொடியேற்றம். சாவிக்காகச் சண்டை, சொத்துக்காக வழக்கு. ஊர்த் தலைவர்களும் பட்டங்கட்டிகளும் சாதித்தலைவரும் ஆளுக்கொரு பக்கம். ஞானஸ்நானம் ஒரு கோயிலில், கல்யாணம் இன்னொரு கோயிலில் என்று வாழ்ந்த பூட்டியின் கதை எங்கள் வீட்டில் இருக்கிறது. மறுதரப்புச் சாமியாரிடம் நன்மை வாங்கினால் பாவம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள், கல்யாணத்தன்று அதே சாமியாரின் முன்னால் முழந்தாளிட வேண்டியிருந்தது.

அந்த நாளில் ஒரு பிள்ளை உபதேசியாரிடம் 'நம் மேய்ப்பர் யார்' என்று கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்? ஒரே ஊரில், இருபது வீடு தள்ளி இருந்த இன்னொரு உபதேசியார் வேறு பதில் சொல்லியிருப்பார். இரண்டு பேரும் பாப்பரசரின் பெயரைத்தான் சொல்லியிருப்பார்கள். மூத்தவர்கள் கண்ணியமாக மறைத்துவிடும் இந்தப் பக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்ட வேண்டும் என்று நான் வாதாடி வருகிறேன். திருச்சபையின் அதிகாரம் வானத்திலிருந்து நேராக இறங்கிச் சுத்தமாக வந்து சேர்ந்தது என்று நம்பும் பிள்ளை, முதல் சண்டையைப் பார்த்ததும் விசுவாசத்தையே விட்டுவிடும். சண்டையும் உண்டு, அதைத் தாண்டி வந்ததும் உண்டு என்று தெரிந்த பிள்ளை நிற்கும். இரண்டு கோயில்களிலும் பிள்ளைகள் சொன்ன பரமண்டல மந்திரமும் பிரியதத்த மந்திரமும் ஒன்றாகவே இருந்தன. பிளவு ஆறியதும் ஊர் ஒன்றுசேர முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

1886இல் பதின்மூன்றாம் லியோ போர்ச்சுக்கல்லோடு உடன்படிக்கை செய்துகொண்டு இந்தியாவுக்கு முறையான ஆயர் ஆட்சியை ஏற்படுத்தினார். ஆனாலும் இரட்டை ஆளுகை முழுதாகத் தீர்வதற்கு 1928ஆம் ஆண்டு உடன்படிக்கை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் 1923இல் தூத்துக்குடி மறைமாவட்டம் பிறந்து, திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை ஆயரானார். நவீன காலத்தில் இலத்தீன் வழிபாட்டு முறையில் ஆயரான முதல் இந்தியர் அவர். அதுவரை தாடி வைத்த வெள்ளைக்காரரின் முகம்தான் பிள்ளைகளுக்கு மேற்றிராணியாரின் முகம். அந்த ஆண்டு முதல் 'நம் ஆயர் யார்' என்ற கேள்விக்கு நம்மைப்போல் நிறமுள்ள ஒருவரின் பெயர் விடையாயிற்று. அந்த மாற்றத்தைத் தாத்தா தன் இளவயதில் கண்டார். அதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும்.

இதற்கிடையே உரோமையில் 1870 ஜூலையில் முதலாம் வத்திக்கான் சங்கம் பாப்பரசரின் தவறா வரத்தை விசுவாசக் கோட்பாடாக அறிவித்தது. 1905இல் பத்தாம் பத்திநாதர், ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்தியாக வேண்டும் என்று பங்குகளுக்குக் கட்டளையிட்டார். 1910இல் ஏழு வயதுக் குழந்தைக்கும் நன்மை கொடுக்கலாம் என்றார். இவை எல்லாம் சேர்ந்துதான் நான் படித்த 'சின்னக் குறிப்பிடம்' வகுப்பை உருவாக்கின. கேள்வி அச்சில் இருக்கும், பதிலும் அச்சில் இருக்கும். கேட்பது எப்போதும் பெரியவர், சொல்வது எப்போதும் பிள்ளை. 1579 நூலின் உரையாடல் வடிவம் மிஞ்சியிருந்தது, அதிலிருந்த உயிர் மிஞ்சவில்லை. தாத்தாவின் திண்ணையில் பிரம்பும் இருந்தது. பதிலில் ஒரு சொல் பிசகினால் உள்ளங்கை சிவக்கும். மனப்பாடத்தை நான் பழிக்கவில்லை. சாகும் தறுவாயில் நினைவு தப்பிய என் அம்மாவின் வாயில் கடைசிவரை நின்றது உத்தம மனஸ்தாப மந்திரம்தான். ஆனால் மனப்பாடம் மட்டும் போதும் என்று நினைத்தது பெரும் பிழை.

உறுதிப்பூசுதலுக்கு ஆயர் வருவார். மாதக்கணக்கில் ஆயத்தம் நடக்கும். அவர் மோதிரத்தை முழந்தாளிட்டு முத்த வேண்டும், திடீரென்று அவர் கேள்வி கேட்டால் தடுமாறாமல் சொல்ல வேண்டும். நெற்றியில் எண்ணெய் பூசியதும் ஆயர் கன்னத்தில் இலேசாக ஒரு தட்டுத் தட்டுவார். கிறிஸ்துவுக்காக அவமானம் தாங்க அணியமாயிரு என்பதற்கு அடையாளமாக அதை விளக்குவார்கள். எங்கள் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்த விளக்கம் காதில் ஏறவில்லை. ஆயர் அடிப்பார் என்பதுதான் ஏறியது. 1971இல் ஆறாம் பவுல் அந்தச் சடங்கைத் திருத்தியபோது கன்னத்தில் தட்டுவது நின்றுபோனது. நல்ல காரியம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட ஏட்டில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் இறைமக்கள் என்ற அதிகாரம், அதன் பிறகுதான் ஆயர்களையும் பாப்பரசரையும் பற்றிய அதிகாரம். மறுஆண்டு வந்த இறைவெளிப்பாடு பற்றிய ஏடு, போதிக்கும் அதிகாரம் இறைவார்த்தைக்கு மேலே இல்லை, அதற்கு ஊழியம் செய்கிறது என்கிறது. இவை வந்து அறுபது ஆண்டாகியும் மறைக்கல்வி அறைச் சுவர்களில் கோபுரம்போல் ஒரு படம் தொங்குவதை இன்னும் பார்க்கிறேன். உச்சியில் பாப்பரசர், கீழே கர்தினால்கள், ஆயர்கள், குருக்கள், கன்னியர், அடிமட்டத்தில் மக்கள். பிள்ளைகளை அந்தப் படத்தில் காணவே காணோம். அந்தப் படத்தைக் கழற்றுங்கள் என்று சக ஆசிரியர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

'டீச்சர், பாப்பரசர் பொய்யே சொல்ல மாட்டாரா?' என்று வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை கேட்காத ஆண்டில்லை. தவறா வரம் என்றால் பாவம் செய்யாத வரம் என்று பெரியவர்களே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முழுத் திருச்சபைக்கும் விசுவாசத்தையோ ஒழுக்கத்தையோ பற்றி, இனி மாற்ற முடியாத முடிவாக அவர் அறிவிக்கும்போது மட்டுமே அது பொருந்தும். 1870க்குப் பிறகு அப்படி ஒரு கோட்பாட்டை ஒரு பாப்பரசர் அறிவித்தது 1950இல், மாதாவின் விண்ணேற்பைப் பற்றி மட்டும்தான். 2014 மார்ச்சில் பாப்பரசர் பிரான்சிஸ் பேதுரு பேராலயத்தில் எல்லோரும் பார்க்க ஒரு சாதாரணக் குருவின் முன்னால் முழந்தாளிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்த படத்தைக் காட்டினால் போதும். பத்து நிமிட விளக்கத்தை அது மிச்சப்படுத்தும்.

இதே வகுப்பில் இன்னொன்றையும் தயங்காமல் சொல்லியாக வேண்டும். கீழ்ப்படிதல் என்ற பாடம் பிள்ளையின் வாயை அடைக்கும் பூட்டாகிவிடக் கூடாது. அங்கி உடுத்தியவரோ உபதேசியாரோ ஆசிரியரோ, யாராக இருந்தாலும் உன் உடம்பைத் தப்பாகத் தொட்டால், அதை மறைக்கச் சொன்னால், அங்கே கீழ்ப்படிதல் கிடையாது; ஓடிவந்து சொல் என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். நாட்டில் 2012 முதல் போக்சோ சட்டம் இருக்கிறது. குருக்களும் துறவியரும் இப்படிப்பட்ட குற்றத்தை அறிந்தால் புகார் செய்தே ஆக வேண்டும் என்று 2019இல் பாப்பரசர் பிரான்சிசும் சட்டம் வகுத்தார். திருச்சபையின் அதிகாரத்தைப் பற்றிப் பேசும் ஒரு வகுப்பு இதை விட்டுவிட்டால் அந்த வகுப்பை நடத்தாமல் இருப்பதே மேல்.

2021 மே மாதம் பிரான்சிஸ் இன்னொன்றும் செய்தார். மறைக்கல்வி ஆசிரியர் பணியைத் திருச்சபையின் முறையான திருப்பணிகளுள் ஒன்றாக நிறுவினார். பொதுநிலையினரான ஆணும் பெண்ணும் ஆயர் கையால் அந்தப் பணியில் அமர்த்தப்படலாம். சவேரியார் மணலில் நியமித்துவிட்டுப் போன கணக்கப்பிள்ளைகளுக்கு உரோமையிலிருந்து இந்த அங்கீகாரம் வர 479 ஆண்டு பிடித்தது. என் தாத்தாவுக்குக் கோயிலில் கிடைத்ததெல்லாம் சில படி நெல்லும் திருநாளுக்கு ஒரு வேட்டியும்தான்.

பங்குச் சாமியார்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். ஜூன் மாதம் மறைக்கல்வி ஆண்டு தொடங்கும்போது உங்கள் ஊரில் உபதேசியாராக இருந்தவர்களின் பெயர்களைத் தேடி எழுதி, வகுப்பறைச் சுவரில் பாப்பரசரின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். எழுபது எண்பது வயதானவர்களிடம் கேட்டால் பெயர்கள் கிடைக்கும். இன்னும் பத்து ஆண்டு போனால் கேட்க ஆளிருக்காது. வகுப்பு முடியும்போது கடைசிக் கால்மணி நேரத்தைப் பிள்ளைகள் கேள்வி கேட்பதற்கென்று விட்டுவையுங்கள்.